ஆச்சியின் காது

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மனோரமாவைப் பற்றி அரைமணி நேரம் பேசச் சொன்னார்கள். கூடவே, "சிரிக்கச் சிரிக்கப் பேசுங்க சார்" என்றும் சொன்னார்கள். அது ஆச்சிக்குக் கைவந்த கலை, எனக்கு வராது. அதனால் சிரிப்பு வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியைப் பற்றி யார் பேசினாலும் கணக்கில்தான் தொடங்குவார்கள். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், கின்னஸில் இடம்பெற்றவர், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். எல்லாம் சரிதான். அண்ணாவோடும் கலைஞரோடும் நாடக மேடையில், எம்.ஜி.ஆரோடும் ஜெயலலிதாவோடும் ஆந்திரத்து என்.டி.ராமாராவோடும் திரையில் நடித்திருக்கிறார். ஆனால் ஒரு நடிகையை எண்ணிக்கை சொல்லிப் பாராட்டுவது, சமையல்காரரை அவர் உரித்த வெங்காயத்தை எண்ணிப் பாராட்டுவது மாதிரி. குழம்பு எப்படி இருந்தது என்பதல்லவா பேச்சு?

நான் பேச நினைப்பது அவருடைய காதைப் பற்றி. முகத்தைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அந்தக் காது இல்லாவிட்டால் அந்த முகத்துக்கு வேலையே இருந்திருக்காது என்பது என் கட்சி.

1937 மே 26, மன்னார்குடி. வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா, அம்மாவின் தங்கையையே இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டார். அம்மா ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே வீட்டு வேலை பார்த்துத்தான் பிள்ளையை வளர்த்தார். படிப்பு பாதியில் நின்றது.

பள்ளத்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் செட்டிநாட்டு வீடுகள் எப்படிப்பட்டவை என்று. முகப்பில் நுழைந்து, பட்டாலை, வளவு என்று கடந்து பின்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் வலித்துவிடும். அந்தப் பின்கட்டு ஒன்றில் அம்மா பாத்திரம் துலக்க, பக்கத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்து வீட்டு ஆச்சிமார் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. இது என் கற்பனைதான், ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் பிற்பாடு ஒரு வானொலி நாடகத்தில் அவர் செட்டிநாட்டுப் பேச்சை அப்படியே பேசப்போய்த்தான், உடன் இருந்தவர்கள் "ஆச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்தோ காதில் ஏறித்தானே இருக்க வேண்டும்?

மேடைக்கு வந்த கதையும் காதையும் தொண்டையையும் சேர்ந்ததுதான். ஊரில் ஒரு நாடகம். பெண் வேடம் போட்டிருந்த ஆணுக்குப் பாட வராது. திரைக்குப் பின்னால் நின்று பாட இந்தச் சிறுமியைக் கூப்பிட்டார்கள். முன்னால் ஒருவர் வாயசைக்க, பின்னால் இவர் பாடினார். சினிமாவில் பின்னணி என்கிறோமே, அதை முதலில் நாடகத்தில் செய்திருக்கிறார். பன்னிரண்டு வயது வாக்கில் மேடை ஏறினார். மனோரமா என்ற பெயர் நாடகக்காரர்கள் வைத்தது.

இங்கே கொஞ்சம் நின்று போகலாம். தென்மாவட்டங்களில் அப்போது ஊர் இளைஞர்கள் சேர்ந்து கோயில் திருவிழாவுக்கு நாடகம் போடுவார்கள். பெண் வேடத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து நடிகையை அழைத்து வருவார்கள். அவர் மாலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார். கதாநாயகன் யார் என்றே அப்போதுதான் தெரியும். அவனோ உள்ளூர் மளிகைக்கடைப் பையன். வசனத்தைப் பாதியில் விழுங்குவான், இல்லாவிட்டால் மூன்றாம் காட்சி வசனத்தை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவான். அவன் விட்டதை இவர் எடுத்து ஒட்டி, ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டையில் தொடங்குகிறார் என்று கவனித்து, கடைசி வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருப்பவருக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும். எதிரில் இருப்பவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுக்காத நடிகையால் அந்த மேடையில் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. இதைவிடப் பெரிய நடிப்புப் பள்ளி எங்கே இருக்கிறது?

பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழுவில் சேர்ந்தார். 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் அவர்தான் கதாநாயகி. அப்படிப்பட்டவரை 1958இல் கண்ணதாசன் தன் 'மாலையிட்ட மங்கை' படத்துக்கு அழைத்து நகைச்சுவை வேடம் கொடுத்தார். கதாநாயகி வேடம் என்றால் சில வருடங்களில் முடிந்துவிடும், இது நீண்ட நாள் நிற்கும் என்று கவிஞர் சமாதானம் சொன்னதாக ஆச்சியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் படம். அந்தப் பாதை நீளவில்லை. நமக்கு அது நல்லதாகப் போயிற்று என்று சொன்னால் ஆச்சி கோபித்துக்கொள்வாரோ என்னவோ.

அதற்கு அடுத்த வருடம், கூட நாடகத்தில் நடித்த எஸ்.எம்.ராமநாதனைக் காதலித்து மணந்தார். இரண்டே வருடத்தில் அது முறிந்தது. அம்மாவைப் போலவே மகளும் கைக்குழந்தையோடு தனியாக நின்றார். படப்பிடிப்புகள் மட்டும் நிற்கவில்லை.

இப்போது 1967, 68 என்ற இரண்டு வருடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷுக்கு ஜோடியாகத் தூத்துக்குடிப் பெண். "வாரீக, போறீக" என்று வாயெல்லாம் உப்புக்காற்று. அடுத்த வருடம் 'பொம்மலாட்டம்'. அதில் அசல் மெட்ராஸ் பாஷை, சோவுக்கு ஜோடி. "வா வாத்தியாரே வூட்டாண்ட" பாட்டைப் பாடியதும் அவரேதான். அதே 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. அங்கே தெற்கத்தி நாடகக்காரி. மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவருக்கு மெட்ராஸ் ஜாம்பஜார் பேச்சு எப்படி வந்தது? படப்பிடிப்பில் லைட் தூக்குகிறவர், ரிக்‌ஷாக்காரர், வேலைக்கு வரும் அம்மா, இப்படி யார் பேசினாலும் காதில் போட்டுக்கொண்டால்தான் வரும். தப்பாகப் பேசிக் கிண்டல் செய்வது சுலபம். அந்த ஊர்க்காரரே "நம்ம பக்கத்துப் பொண்ணு" என்று சொல்கிற மாதிரி பேசுவது வேறு.

அந்தத் 'தில்லானா' நாடகக்காரி, ஜில் ஜில் ரமாமணிக்கு வருவோம். அதற்காகத்தான் நீங்களும் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். சிக்கல் சண்முகசுந்தரம் பெரிய நாதஸ்வர வித்வான், அதைவிடப் பெரிய கோபக்காரர். அவர் எதிரில் ரமாமணி. பாராட்ட வேண்டும், ஆனால் பாராட்டுவதற்கான சங்கீதச் சொற்கள் எதுவும் அவளிடம் கிடையாது. கமகம், பிருகா எல்லாம் தெரியாது. அவள் ஒரு சந்தேகம் கேட்கிறாள்: எல்லாருடைய நாயனத்திலும் இந்தச் சத்தம் வருமா, உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா? நாம் எல்லோரும் சிரிக்கிறோம். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவளுக்கு அது நிஜமான சந்தேகம். கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாதஸ்வரக்காரருக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் எந்தச் சபாவில் கிடைக்கும்? சண்முகசுந்தரமாக எதிரில் இருப்பவர் சிவாஜி. ஒரு புருவத்தைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் காணாமல் போய்விடுவார். இவர் காணாமல் போகவில்லை. சிவாஜியோடு போட்டி போடாமல், அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் காரணம் என்பேன். மளிகைக்கடைப் பையனோடு நடித்துப் பழகியவருக்கு நடிகர் திலகத்தோடு நடிப்பது சிரமமா? இதில் இன்னொன்றும் இருக்கிறது. பஸ்ஸில் வந்து இறங்கி ஊர் ஊராக நாடகம் ஆடிய பெண், ஊர் ஊராக நாடகம் ஆடும் பெண்ணாக நடிக்கிறாள். அந்த வேடத்துக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆயிரம் படம் என்றால் அதில் எத்தனையோ படங்கள் அவரை வீணடித்தவை. தனியாக எழுதி ஒட்டிய நகைச்சுவைக் காட்சிகள், அடிபடுவதும் கத்துவதுமாக. அப்புறம் தொண்ணூறுகளில் வரிசையாக அழுகிற அம்மாக்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மும் அந்தக் காட்சிகளை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. 'சின்ன கவுண்டர்' மட்டும் விதிவிலக்கு. பல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொங்குப் பேச்சில், விஜயகாந்துக்கு அம்மாவாக வந்தாரே, அதில் அந்தக் காது மறுபடி வேலை செய்தது.

1989இல் 'புதிய பாதை'க்குத் தேசிய விருது வந்தது, 2002இல் பத்மஸ்ரீ. எனக்கு விருது வாங்காத ஒரு வேடம்தான் பிடிக்கும்: 1990இல் வந்த 'நடிகன்'. கிழவர் வேஷம் போட்டு வந்த சத்யராஜ்மேல் ஆசைப்படும் கல்யாணமாகாத பேபியம்மா. கதை அவளைக் கேலி செய்யத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆச்சி அவளைக் கேலி செய்யவில்லை. அந்த வயதில் வரும் வெட்கம் நிஜமான வெட்கமாகவே இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நமக்கு ஏதோ சங்கடமாகிவிடுகிறது.

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு அவர் காலமானார். மறுநாள் காலை எங்கள் தெரு முனை டீக்கடையில் நின்றிருந்தேன். மூலையில் ஒரு சின்ன டிவி, ஏதோ கோளாறு, சத்தமே வராது. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரமாமணி வாயைத் திறந்ததும், டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் அந்த நாயனக் கேள்வியை அவருடைய இழுப்போடு அப்படியே சொன்னார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமல், "சரியாச் சொல்லுய்யா, 'மட்டுந்தேன்'னு வரும்" என்றார். மாஸ்டர் டபராவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் சொன்னார்.