மீதி ஏழு பேர் யார்?

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"டீச்சர், அந்த ஸ்கூல்ல பசங்க நல்லாப் படிக்கிறாங்களா?" மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் இந்தக் கேள்வி வந்துவிடும். வடசென்னையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு சதவீதத்தைச் சொன்னால் திருப்தியாகப் போய்விடுவார்கள். ஆனால் அந்தச் சதவீதத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அதை எப்படிச் சொல்வது?

நான் கடைசியாகப் பாடம் எடுத்தது 2022-23இல், மூன்றாம் வகுப்புக்கு. மொத்தம் 20 பிள்ளைகள். ஆண்டு முடிவில் 13 பேர் ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்தார்கள். அதாவது 65 சதவீதம். இவ்வளவு சின்ன வகுப்பில் ஒரு குழந்தை என்பது ஐந்து சதவீதம். இரண்டு குடும்பம் வீடு மாறினாலே பள்ளியின் 'தரம்' பத்து ஏறும், பத்து இறங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020இல், கொரோனா காலத்தில். 2021 நவம்பர் முதல் தேதி தொடக்க வகுப்புகளைத் திறந்தபோது, இரண்டாம் வகுப்புப் பாதியில்தான் முதல் முறையாக வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பென்சில் பிடிக்கவே பல பேருக்குத் தெரியவில்லை. அங்கிருந்து ஒன்றரை வருடத்தில் 13 பேர் வாசித்தார்கள்.

சரி, மீதி ஏழு பேர் யார்?

மூன்று பேர் வருடத்தின் நடுவில் வந்தவர்கள். வாடகை கட்டுப்படியாகாமல் குடும்பம் இடம் மாறும்போது பள்ளியும் மாறுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருப்பதால் சேர்க்கையை ஒரே நாளில் முடித்துவிடலாம், விட்டுப்போன நான்கு மாதப் பாடத்தை அந்த எண் கொண்டுவராது. இதற்கு முன்பு நான் இருந்த பள்ளியில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். ஆற்றோரக் குடிசைகளை எடுத்து, குடும்பங்களை ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். பதிவேட்டில் பெயர் இருந்தது, பெஞ்சில் பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் சில பேர் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். அப்புறம் அவர்களும் நின்றுவிட்டார்கள்.

இரண்டு பேர் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தெலுங்குக்கும் உருதுக்கும் சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகள் உண்டு, ஒடியாவுக்குக் கிடையாது.

ஒரு சிறுவனின் அம்மா விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து கூடையில் விற்பவர். அவர் திரும்பும் வரை கைக்குழந்தைத் தங்கையைப் பார்த்துக்கொள்வது இவன் வேலை. பாதி நாள் முதல் பாடவேளை முடிந்துதான் வருவான், வந்ததும் மேசையில் தலை சாய்ப்பான். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதல் கட்டத்திலேயே எங்கள் பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்தன. ரவை கிச்சடி சுடச்சுட வந்து இறங்கும். தங்கையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு, முதல் ஆளாகத் தட்டோடு நிற்பான். தூங்குவது அடியோடு நின்றது. வாசிப்பில் பின்தங்கித்தான் இருந்தான், ஆனால் மற்றவர்களை எட்டிக்கொண்டிருந்தான். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க முடிவெடுத்தது. பசிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு இந்த ஊருக்கு நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஏழாவது பையன் விஷயத்தில் தவறு என்னுடையது. அமைதியான பையன். எழுத்துக்களைக் குழப்புகிறான், கவனம் இல்லை என்றே நினைத்துவந்தேன். ஜனவரியில் ஒருநாள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை மூக்குக்கு ஒட்டி வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. கண்ணாடி போட்டதும் இரண்டே மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தான். ஜூனிலேயே அவனை முன்பெஞ்சுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் வீட்டு நிலைமையைப் பேசினால் "சாக்கு சொல்கிறீர்கள்" என்பார்கள். இவன் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. குறை வகுப்பறையில் இருந்தது. ஏழு பேரையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எது வீட்டுக்குறை, எது எங்கள் குறை என்று பிரித்தறிய முடியும்.

அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைத்தோம். எனக்கு அது பிடித்திருந்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ'வில் தொடங்கினாலும் அங்கே வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆள் வேண்டும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும்போது, ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நிலை என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்று பார்க்கும் அசர் அறிக்கை பேப்பரில் அடிக்கடி வரும், அதை வைத்தும் என்னிடம் வாதாடுகிறார்கள். அது கிராமப்புறப் பிள்ளைகளைப் பார்த்து எடுப்பது. சென்னைப் பள்ளியை அதில் தேடிப் பயனில்லை.

அதனால் பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, "ஜூனில் இந்தப் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள்?" என்றும் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அங்கேயும் இதைக் கேட்கலாம். பதில் சொல்லும் ஆசிரியர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தமிழ் எழுத்தைக் கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து வரைவாள், வாசிக்க வராது. கணக்கு என்றால் கை முந்தும். ஒருநாள் "ஏக, துயி, தினி, சாரி" என்று முணுமுணுத்தபடி விரல் விட்டுக்கொண்டிருந்தாள். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். வகுப்பே அவளோடு சேர்ந்து பத்து வரை சொன்னது. மறுநாளிலிருந்து அவள் ஒடியாவில் ஒன்று சொல்ல, மற்றவர்கள் அதற்குத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தார்கள். ஏப்ரலில் 'மழை வந்தது' என்ற இரண்டு சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அனுப்பிய பட்டியலில் அவள் பெயர் வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கம்தான் இருந்தது.

வணக்கம்.