அவர்கள் எடுத்த படங்கள் எங்கே?

மகளிர் திரைப்பட விழாவின் தலைவர் அவர்களே, எனக்கு முன் உரையாற்றிய மூத்த படத்தொகுப்பாளர் அம்மையார் அவர்களே, நடுவர் குழுவினரே, இளம் இயக்குநர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். உடல்நலக் குறைவைப் பொருட்படுத்தாமல் எல்லாப் படங்களையும் முதல் வரிசையில் அமர்ந்து பார்த்த தலைவர் அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

திரையில் தோன்றும் பெண், படக்கருவிக்குப் பின்னால் நிற்கும் பெண், அவர்களுடைய படங்களின் இன்றைய நிலை ஆகிய மூன்றைப் பற்றியும் பேச எண்ணி வந்தேன். முதலாவதைப் பற்றி இங்கே நிறைவாகப் பேசிவிட்டார்கள். ஒரு படத்தில் இரண்டு பெண்கள் ஆணைப் பற்றியல்லாமல் வேறு எதையாவது பேசிக்கொள்கிறார்களா என்று அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெலின் சித்திரக்கதை 1985-இல் எழுப்பிய கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவதற்கு ஆலிஸ் கீ என்ற பெண்மணியின் கதையே போதும். பாரிஸில் படக்கருவிகள் விற்ற கோமோன் நிறுவனத்தின் முதலாளியிடம் செயலாளராக இருந்த அந்த இளம்பெண், தாமும் ஒரு சிறு கதைப்படம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கடித வேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. முட்டைக்கோசுகளுக்கு நடுவிலிருந்து ஒரு தேவதை குழந்தைகளை எடுத்துத் தரும் அந்தப் படத்தை 1896-இல் எடுத்ததாக அவரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு அந்நிறுவனத்தின் படத் தயாரிப்பு முழுவதையும் கவனித்தார். அமெரிக்கா சென்று 1910-இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, படப்பிடிப்புக் கூடத்தில் "இயல்பாக இருங்கள்" என்று எழுதி மாட்டினார். அவ்வளவு செய்தவர் முதுமையில் தம் படங்களைத் தேடி அலைந்தபோது கைக்குக் கிடைத்தவை மிகச் சில. வரலாற்று நூல்களிலோ அவருடைய சில படங்கள் வேறு ஆண்களின் பெயரில் இருந்தன. 1968-இல் அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நினைவுக்குறிப்பே அச்சேறியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆலிஸுக்கு நாம் செய்தது அதுதான்.

மூன்றாவதற்கு வருகிறேன். நம் நாட்டின் முதல் பெண் இயக்குநரான ஃபாத்மா பேகம் 1926-இல் இயக்கிய படமும், தமிழ் நடிகை டி. பி. ராஜலட்சுமி தாமே தயாரித்து, இயக்கி, நடித்த 1936-ஆம் ஆண்டின் 'மிஸ் கமலா'வும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அக்காலப் படங்கள் பதிவான நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றாவிட்டாலும் பெட்டிக்குள்ளேயே மக்கித் தூளாகிவிடும். ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரையில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றதே 2018-இல்தான் என்பதை விரித்துச் சொல்ல விரும்பினேன். ஆயினும் படமே அழிந்துபோனால் ஒளிப்பதிவை எங்கே போய்ப் பார்ப்பது?

டிஜிட்டலில் எடுப்பதால் கவலையில்லை என்று இளம் இயக்குநர்கள் நினைக்க வேண்டாம். ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கும் படம், அது பழுதானால் போயிற்று. மறுபடியும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? ஆகவே தலைவர் அவர்களிடம் என் வேண்டுகோள்: அடுத்த விழாவிலிருந்து தேர்வாகும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதியை, பணியாற்றிய பெண்கள் அனைவரின் பெயர்ப் பட்டியலோடு, ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்த்த பின்பே பரிசு வழங்குவது என்ற விதியை இந்த மேடையிலேயே அறிவிக்க வேண்டும்.