புது ஊசி, பழைய துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம். துப்பாக்கியைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று அழைத்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் காவிரிக்கரை ஊர்களில், பழைய வீடுகள் சிலவற்றில், தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி உரிமத்தோடு இன்னும் இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போவதும் முடிந்ததும் திரும்பி வருவதுமே அதற்கு மிஞ்சிய வேலை. அவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில்.

ஒரு மார்கழிக் காலையில் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். இங்கிலாந்தில் செய்த 12 போர் துப்பாக்கி; போர் என்பது குழல் அளவு. வலக் குழல் வெடிக்கவில்லை. "ஊசி போய்விட்டது அண்ணே, புதிது ஒன்று வாங்கியே வந்துவிட்டேன். மாட்டிக் கொடுத்தால் போதும்" என்றார். தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்க வைக்கும் சிறு இரும்பு முளையைத்தான் ஊசி என்கிறோம்.

திறந்து பார்த்தால் உள்ளே தேங்காய் எண்ணெய்! 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நம் மார்கழி விடியலுக்கு அது போதும். பழைய எண்ணெய் வேறு பிசினாகக் கெட்டித்துப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியதுமே பூட்டு, அதாவது ஊசியை இயக்கும் பொறி, பாதி உயிர் பெற்றது. இருந்தாலும் வலப்பக்க ஊசியின் முனை உடைந்திருந்தது உண்மைதான்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் கையால் ராவிச் சேர்த்தார்கள். ஒரே துப்பாக்கியில் வலப்பக்க ஊசி இடப்பக்கத்துக்குப் பொருந்தாமல் போவதுண்டு. ஆகவே கடையில் வாங்கிய உதிரிப்பாகம் எங்களுக்கு வெறும் இரும்புத் துண்டு. அதைச் சிமினி விளக்கின் புகையில் காட்டுவேன். கரி மெல்லிதாகப் படியும். உள்ளே வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் கரி தேய்ந்து இரும்பு மின்னும். அந்த இடத்தில் அரத்தால் இரண்டே இழுப்பு. மறுபடி புகை, மறுபடி அரம். அன்று மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான். ஊசி குட்டையானால் தோட்டா வெடிக்காது. நீண்டாலோ, முனை கூர்மையாக இருந்தாலோ தோட்டாவின் அடியில் ஊசி குத்தும் மூடியைத் துளைத்து, சூடான வாயு பின்னால் பீறிடும். முனை உருண்டையாக இருக்க வேண்டும்.

இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும்.

தோட்டாவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இன்று கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70. வெடிக்குமுன் நுனி மடிந்திருப்பதால் அது சமர்த்தாக உள்ளே போய்விடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்று நம்பிவிடாமல், அறையை அளக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துப்பாக்கியைத் தோல் உறைக்குள் விடாதீர்கள். உறை ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். குழலின் வாயில் துணி அடைக்க வேண்டாம். எடுக்கும்போதெல்லாம் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். ஒருவர் கொண்டுவந்த குழலில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும்.

துடைத்தபின் சில நாள் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் பூட்டிலிருந்து வழிந்து பின்பக்க மரக்கட்டைக்குள் இறங்கும். ஆண்டுக்கணக்கில் ஊறிய கட்டை, வெடிக்கும் அதிர்ச்சியில் கழுத்தருகே பிளந்துவிடும். திருவையாற்றுத் தம்பியும் இப்போது பீரோவுக்குள் அப்படித்தான் வைக்கிறார். தாத்தாவின் துப்பாக்கியைத் தலைகீழாக நிறுத்துவதாவது என்று அவருடைய அம்மாவுக்குத்தான் இன்னும் கோபம்.