ஓலை வாசிக்கும் முன் ஒரு கையெழுத்து

(தேரிக்காட்டுப் பக்கத்துக் கிராமத் திருச்சபை ஒன்றில், அசனம் என்னும் சபை விருந்தை ஒட்டி நடந்த குடும்ப ஞாயிறு கூட்டத்தில் ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், நம் வட்டாரச் சபைகளை நடத்தும் சேகரத் தலைவர் ஐயா அவர்களே, அவர்களுக்குப் பக்கத்தில், சமையல் பந்தலிலேயே ஒரு கண்ணாக அமர்ந்திருக்கும் சேகரக் கமிட்டிச் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பள்ளியின் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, அழைத்தவுடன் தட்டாமல் வந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பக்கத்து ஊர் ஜமாஅத்திலிருந்து நம் பண்டிகைக்கு வருஷம் தவறாமல் வரும் பெரியவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டு உள்ளே வர யோசிக்கும் வாலிபர்களே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரங்கள். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். ஊராட்சித் தலைவர் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. ஆனால் இந்த வெயிலில் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு துண்டு கொடுத்திருந்தால் ஜெபத்தோடு வாங்கியிருப்பேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் ஊழியம் செய்த சேகரங்களிலெல்லாம் இந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லி எனக்கு 'அளந்து போடு ஐயர்' என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் அது அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் 'விசுவாசம், குடும்பம், சபை' என்று மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். மூன்றையும் வரிசையாகப் பேசுகிறேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி.

விசுவாசம் என்றதும் நம் திருநெல்வேலிச் சபைக்காரர்களுக்குப் பாப்பாத்தியம்மாள் நினைவுக்கு வரவேண்டும். குளோரிந்தா என்று ஞானஸ்நானப் பெயர். தஞ்சாவூர்ப் பிராமணக் குடும்பத்து இளம் விதவை. கணவன் சிதையில் ஏற்றப்பட இருந்தவரை ஓர் ஆங்கில அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1778இல் ஜெர்மன் மிஷனரிக் குருவானவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைக்கு முதல் பதிவேடு எழுதியபோது அதில் இருந்தவர்கள் 40 பேர். 1785இல் அந்த அம்மா முன்னின்று கட்டிய கோயில் இன்றைக்கும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் பரிசுத்த திரித்துவப் பேராலயம் எழும்பியது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து, 1826இல்.

இதை நான் ஏன் சொல்லுகிறேன்? அந்த அம்மாவைச் சிதையில் ஏற்றப் பார்த்தவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'ஊர் வழக்கம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் போன இடமெல்லாம் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கிடைத்த பதிலும் அதே இரண்டு வார்த்தைதான். 'ஊர் வழக்கம் ஐயா, நாம என்ன செய்ய?' எந்த விஷயம் என்று உங்களுக்குத் தெரியும், வரதட்சணைதான். வாலிபர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்கும் தெரியும்.

ஆக, இரண்டாவது தலைப்புக்கு வந்துவிட்டோம். குடும்பம்.

நம் கோயிலில் ஒரு பிள்ளைக்கு ஓலை வாசிக்க, அதாவது கலியாண அறிவிப்பைச் சபையில் வாசிக்க வேண்டுமென்றால் என்னென்ன கேட்கிறோம்? ஞானஸ்நானச் சர்டிபிகேட் கேட்கிறோம். திடப்படுத்தல் எடுத்தாயிற்றா என்று கேட்கிறோம். வெளிச்சபை மாப்பிள்ளை என்றால் அந்தச் சபை ஐயரிடமிருந்து கடிதம் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கக் காணிக்கை பாக்கி இல்லை என்பதற்கு ரசீது கேட்கிறோம். அப்பா பாக்கி வைத்திருந்தால் மகள் ஓலை நிற்கும். இதிலெல்லாம் நாம் கறார். அப்புறம் மூன்று ஞாயிறு சபை முன்னால் நின்று, இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது உண்டென்று அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்கிறோம். பெண்ணின் அப்பா வீட்டை அடமானம் வைத்திருப்பது அந்தக் கோயிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் எழுந்து நிற்பதில்லை.

எனக்கு ஒரு கலியாணம் நினைவுக்கு வருகிறது. ஊரைச் சொல்ல மாட்டேன், கண்டுபிடிக்கவும் முயற்சி செய்யாதீர்கள். பெண் ஆரம்பப் பள்ளி டீச்சர். அப்பா ஓய்வுபெற்ற உபதேசியார், ஐயருக்கு உதவியாகச் சபையில் ஊழியம் செய்தவர், பரம சாது. மாப்பிள்ளை கப்பலில் வேலை. சாயந்தரம் நாலரை மணிக்கு ஆராதனை. நான் அங்கியை மாட்டிக்கொண்டு கோயிலை ஒட்டிய வெஸ்டரி அறையில் ரெஜிஸ்டரைத் திறந்து பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டுத் துண்டு. "ஐயா, ஒரு சின்ன விஷயம். பேசினதுல ஏழு பவுன் கொறையுது."

உபதேசியார் பின்னாலேயே ஓடி வந்தார். "இல்ல ஐயா, எல்லாம் போட்டாச்சு, கழுத்துல கெடக்குது."

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்தார். முதலில் செல்போன் என்று நினைத்தேன். பேட்டரி போட்ட கையடக்கத் தராசு! அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார் தெரியுமா? திறந்திருந்த திருமண ரெஜிஸ்டரின் மேல், மணமகள் பெயர் எழுதியிருந்த இடத்தில் வைத்தார். "நகையைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லுங்க, நிறுத்துப் பார்த்துருவோம். அளந்து போடுன்னு நீங்கதானே ஐயா பிரசங்கம் பண்ணுவீங்க" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. என் பழமொழியை என் தலையிலேயே போட்டுவிட்டார் மனுஷன்.

வெளியே பாடகர் குழு ஒரு கீர்த்தனையை முடித்து அடுத்ததைத் தொடங்கி, அதுவும் முடிந்து, மறுபடி முதல் கீர்த்தனைக்கே வந்துவிட்டது. ஐந்து மணி. ஐந்தரை. கோயில்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஐயா, மணியடிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பந்தியில் பிரியாணி ஆறுகிறது என்று வேறு ஒருவர் வந்து கவலைப்படுகிறார். உபதேசியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்போதுதான் எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, காலை 6 மணிக்கும் சாயந்தரம் 7 மணிக்கும் இடையில்தான் விவாகம் நடத்தலாம். அதற்கு மேல் என்றால் பேராயரின் விசேஷ அனுமதி வேண்டும். நான் கடிகாரத்தைக் கழற்றித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஏழடித்தால் ரெஜிஸ்டரை மூடிவிடுவேன். அப்புறம் நீங்கள் எழுபது பவுன் வாங்கினாலும் இன்றைக்குக் கலியாணம் கிடையாது" என்றேன்.

அதற்கும் அவர் அசையவில்லை. அசைத்தது யார் தெரியுமா? மாப்பிள்ளையின் ஆச்சி. எண்பது வயதைத் தாண்டியிருக்கும். காதில் பாம்படம் தொங்க, ஒரு பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் இடது காதுப் பாம்படத்தைத் திருகிக் கழற்றித் தராசின் மேல் வைத்தார்கள். "எலேய், இது எத்தன பவுன்னு பாரு. உள்ள அரக்குதான் இருக்கு, அதையுஞ் சேர்த்து நிறு. ஒங்க தாத்தா என்னைய கெட்டும்போது எங்கப்பன் ஒரு கொட்டான் கருப்பட்டி குடுத்தாரு, அதத் தின்னுதான் நீயெல்லாம் பொறந்த" என்றார்கள்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். வெஸ்டரியில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா தராசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோயில்பிள்ளை அடித்த மணி அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். ரெஜிஸ்டரில் கடைசிக் கையெழுத்து விழும்போது ஏழுக்குப் பத்து நிமிஷம்.

கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை. மறு வருஷம் அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தபோது, அந்த ஏழு பவுனும் வந்தால்தான் திரும்பக் கூட்டிப்போவோம் என்று சொல்லி வாங்கிவிட்டார்கள். உபதேசியார் பனங்காட்டை விற்றார். ஆச்சியின் பாம்படம் ஒரு நாள் சாயந்தரத்துக்குத்தான் தாங்கியது. அதனால்தான் சொல்லுகிறேன், பிரசங்கம் பண்ணி இது தீராது. எழுத்தில் வேண்டும்.

'படிக்கவைத்தால் மாறிவிடும்' என்று நம் முன்னோர்கள் நம்பினார்கள். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கோயிலைக் கட்டி முடிக்க 33 வருஷம் ஆனது. 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை. பெண்பிள்ளைகளின் படிப்பு அதுவரை காத்திருக்கவில்லை. அவர் மனைவி எலிசா அம்மா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் பின்னும் வேலையும் தொடங்கிவிட்டார்கள். அந்த வழியில் வந்த நம் பிள்ளைகள் இன்று எம்.எஸ்சி., பி.எட். முடித்து நிற்கிறார்கள். நடந்தது என்ன? எம்.எஸ்சி. படித்த பெண்ணுக்கு அதற்கு மேல் படித்த மாப்பிள்ளை வேண்டும். அந்த மாப்பிள்ளைக்கு ரேட் அதற்கு மேல். படிக்கவைத்த தகப்பனுக்குத்தான் இரட்டைச் செலவு. ஸ்தோத்திரப் பண்டிகையில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவது போல மாப்பிள்ளையை ஏலம் விடுகிறோம், பழம் ஏலம் போன பணமாவது கோயிலுக்கு வருகிறது.

'வேதத்திலேயே நகை போட்டிருக்கிறார்களே' என்று ஒரு கமிட்டி மெம்பர் என்னிடம் வாதாடினார். ஆதியாகமம் 24ஐத்தான் சொன்னார். நன்றாக வாசித்துப் பாருங்கள். அரைச்சேக்கல் எடையில் காதணி, பத்துச்சேக்கல் எடையில் கடகங்கள் என்று அங்கேயும் அளந்துதான் போட்டிருக்கிறது. போட்டது யார்? ஆபிரகாமின் மகனுக்குப் பெண் பார்க்கப் போன ஊழியக்காரன். மாப்பிள்ளை வீடு! யாக்கோபு ராகேலுக்காக மாமனார் வீட்டில் ஆடு மேய்த்தான். நம் மாப்பிள்ளைகளை ஒரு வாரம் மேய்க்கச் சொல்லிப் பார்ப்போமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். வாங்கினால் மட்டுமல்ல, கொடுத்தாலும் குற்றம். ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை என்று அதில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் தலையசைக்கிறார், அவருக்குத் தெரியும். அப்படியென்றால், எல்லாம் தெரிந்தே ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐயருக்கும் கமிட்டிக்கும் என்ன பெயர்?

என் கோரிக்கை சின்னதுதான். ஓலை கொடுக்க வரும்போது சங்க ரசீதோடு இன்னொரு தாளும் வேண்டும். 'இந்த விவாகத்துக்காக ரொக்கமோ நகையோ வாகனமோ கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை; தலைப்பிரசவத்துக்கும் கேட்க மாட்டோம்' என்று இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடவேண்டும். தலைப்பிரசவம் என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள், அது உபதேசியார் பனங்காட்டை விற்று எழுதிய வார்த்தை. மூன்றாம் ஓலை வாசிக்கும்போது அந்தத் தாளையும் சபையில் வாசிக்கவேண்டும். பொய்க் கையெழுத்துப் போட மாட்டார்களா? போடுவார்கள். ஆனால் அடுத்த வருஷம் பெண்ணின் அப்பாவிடம் ஒரு தாள் இருக்கும், ஐயரிடம் ஒரு நகல் இருக்கும், சபை காதால் கேட்டிருக்கும். உபதேசியாரிடம் அன்றைக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

சேகரத் தலைவர் ஐயா இதைக் கமிட்டியில் வைப்பதாக இப்போதுதான் காதோடு சொன்னார்கள். காதோடு சொன்னதை நான் மைக்கில் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது. அதற்காக அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. தலைமை ஆசிரியை அம்மா பள்ளியில் தாளை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி.

மூன்றாவது தலைப்பு சபை. அதைப் பற்றிப் பேச நிறைய வைத்திருந்தேன், திருமண்டலத் தேர்தல் உட்பட. செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார், பந்தியில் இலை போட்டாயிற்றாம். பெண்கள் சங்கத்துத் தாய்மார்கள் வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். தாளும் பேனாவும் அங்கே இருக்கிறது. கலியாணத்துக்குப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். மாப்பிள்ளை வீட்டார் முதலில் போகட்டும். பின்வாசலை நான்தான் பூட்டச் சொன்னேன்.