வலிக்காத கட்டி

வணக்கம் நேயர்களே. மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் இதையா கேட்பது என்று சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சென்னையில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் அதைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. அப்போது பெண்களிடம் முதலிடம் கருப்பை வாய்ப் புற்றுக்கு. இன்று அது பாதிக்கும் கீழே இறங்கி, மார்பகப் புற்று முன்னால் வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அது இறங்கியதற்கும் இது ஏறியதற்கும் காரணங்களில் சில ஒன்றேதான். திருமணம் தள்ளிப்போனது, பிரசவங்கள் குறைந்தன. கருப்பை வாய்க்கு நல்லது, மார்பகத்துக்கு அப்படி இல்லை. தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைகிறது என்று 2002இல், 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உடனே, “பெண்கள் படித்து வேலைக்குப் போனதால் வந்த வினை” என்று சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். அபத்தம். உடல் எடை கூடியது, நடை குறைந்தது, ஆயுளும் நீண்டது. நாற்பதிலேயே காய்ச்சலில் போய்விட்டால் ஐம்பதில் வரும் நோய் எப்படிக் கணக்கில் ஏறும்?

என்னை உறுத்துவது வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது. மிகவும் வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது, 71 பேரில் ஒருவர் இதனால் இறக்கிறார். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். மறுபடி சொல்கிறேன்: குறைவாக வருகிறது, அதிகமாகக் கொல்கிறது. நம் நாட்டில் 2022 மதிப்பீட்டில் புதிய நோயாளிகள் சுமார் 1,92,000, இறப்புகள் சுமார் 98,000.

ஏன்? என்னிடம் வந்த ஒரு பூக்கார அம்மாவைச் சொல்கிறேன். மாசி மாதம் குளிக்கும்போது சோப்புக் கையில் பட்டாணி அளவு தட்டுப்பட்டதாம். ஐப்பசியில் வந்தார். அப்போது எலுமிச்சை அளவு, மேல்தோல் ஆரஞ்சுத் தோல்போலக் குழிந்திருந்தது. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்னாகும் என்று பயம். “வலிச்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன் டாக்டர்” என்றார். அந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதன் சூது.

சரி, மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் கருவியை ஊருக்கு ஊர் வைக்க முடியுமா? இப்போதைக்கு முடியாது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை வேறு வழி பார்த்தது. குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கொரு முறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பூக்கார அம்மாவுக்குக் கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து தலையில் முடி முளைத்திருக்கிறது. போன மாதம் தங்கையைக் கூட்டி வந்தார். “இவளுக்கும் பட்டாணி மாதிரி இருக்காம். பத்து நாளாத்தான்.” ஊசி போட்டு எடுத்துப் பார்த்தோம். புற்று இல்லை, சாதாரணக் கட்டி. தங்கை அப்போதே எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அக்காதான் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வணக்கம்.