பட்டு நூல் அறுந்ததால் தெரிந்த விஷயம்

வணக்கம் மக்களே. மேசையில் மூன்று பொருள் வைத்திருக்கிறேன்: செப்பு வயர், பட்டு நூல், சணல் கயிறு. இதில் எது மின்கடத்தி என்றால் பள்ளிப் பிள்ளைகூட செம்பு என்று சொல்லிவிடும். ஆனால் 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே மின்சாரத்தை அனுப்பியது சணல் மாதிரியான நார்க் கயிற்றில்தான்!

கிரே சாயத் தொழில் செய்தவர். கண்ணாடிக் குழாயைத் தேய்த்து மின்னூட்டி, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு தந்தப் பந்தைத் தொங்கவிட்டார். பந்து மெல்லிய பித்தளைத் தகடுகளை இழுத்தது. கென்ட்டில் நண்பர் வீலர் வீட்டில் கயிற்றைப் படுக்கைவாட்டில் நீட்ட வேண்டியிருந்தது. எதன்மேல் தாங்குவது? பட்டு நூல் மெல்லியது, மின்சாரம் அதிகம் கசியாது என்பது வீலர் யோசனை. 80 அடி தாண்டி வேலை செய்தது.

அப்புறம் கயிற்றின் நீளத்தைக் கூட்டியதும் பாரம் தாங்காமல் பட்டு அறுந்துவிட்டது. சரி, அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பி கட்டுவோம் என்று கட்டினார்கள். பந்து அசையவே இல்லை. மின்சாரம் முழுக்கக் கம்பி வழியாகக் கட்டடத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. மெல்லியதா தடித்ததா என்பது பிரச்சினையே இல்லை, பொருள் எது என்பதுதான் விஷயம் என்று அப்போதுதான் பிடிபட்டது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

காரணம் எலக்ட்ரான். செம்பில் ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ ஓர் எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. ஒரு கன சென்டிமீட்டரில் 8-க்குப் பின் 22 சுழியம் போட்ட அளவு, எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் திரிகிறது. பட்டிலோ எல்லாம் பிணைப்புகளில் இறுகிக் கிடக்கிறது.

அப்படியானால் கயிற்றில் எப்படிப் போனது? இதோ, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரைச் சணலில் வைக்கிறேன். திரையின் இடது ஓரத்தில் வெறும் 1. அதாவது மீட்டரால் அளக்க முடியாத தடை. இப்போது உப்புத் தண்ணீரில் நனைக்கிறேன்... பாருங்கள், எண் வந்துவிட்டது. சணல் காற்றிலிருந்தே கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மீட்டர் கொடுப்பது சில வோல்ட், அதற்கு அந்த ஈரம் போதாது. தேய்த்த கண்ணாடியிலோ ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பந்தை மின்னூட்டத் துளி மின்சாரம் போதும். அதனால் கிரேக்கு அந்தக் கயிறு கடத்தி, என் மீட்டருக்கு மின்சாரத்தை விடாத காப்பான்.

மழையில் நனைந்த கொடிக் கயிற்றை மின்கம்பத்தில் கட்டாதீர்கள் என்று பாட்டி கத்துவாரே, அந்தக் கயிறும் இதே கதைதான்.