விம்பிள்டன் 2025: மகளிர் ஒற்றையரில் யாருக்கு வாய்ப்பு?

நேயர்களுக்கு வணக்கம். நாளை, ஜூன் 30 அன்று, லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிகள் தொடங்குகின்றன. மகளிர் ஒற்றையரில் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்லும்படி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். 2016-இல் செரீனா வில்லியம்ஸ் வென்ற பிறகு முகுருசா, கெர்பர், ஹாலெப், பார்ட்டி, ரிபாகினா, வோண்ட்ரூசோவா, கிரெய்சிகோவா என்று, நடந்த 7 போட்டிகளில் 7 வெவ்வேறு பேர் சாம்பியன் ஆகியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு என் கணிப்பைக் கேளுங்கள். இவர்களில் வோண்ட்ரூசோவா 2023-இல் போட்டித் தரநிலையே (முன்னணி வீராங்கனைகளுக்குப் போட்டிக்கு முன் தரப்படும் வரிசை எண்) பெறாமல் வந்து வென்றவர். மறு ஆண்டு முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியவரும் அவர்தான்.

இந்த நிலையின்மைக்குக் காரணம் பெரும்பாலும் தரையில் இருக்கிறது. பிரெஞ்சு ஓபன் முடிந்து மூன்றே வாரத்தில், களிமண் தரையில் சறுக்கி ஆடிப் பழகிய கால்கள் 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட புல்லுக்கு மாற வேண்டும். களிமண்ணில் தோள் உயரத்துக்கு எழும்பும் பந்து, புல்லில் முழங்கால் உயரத்தில் வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே தரவரிசையை விட, முதல் சர்வீஸ் தவறினால் வீராங்கனை போடும் இரண்டாவது சர்வீஸையும், தாழ்ந்து வரும் பந்துக்கு அவர் எப்படி முழங்காலை மடக்குகிறார் என்பதையும் கவனிப்பதே பயன் தரும் என்பது என் எண்ணம். இந்த மாதம் லண்டன் குயின்ஸ் கிளப்பில் பெண்களுக்கான போட்டி அரை நூற்றாண்டுக்குப் பிறகு திரும்ப நடந்தபோது, தகுதிச் சுற்றிலிருந்து வந்த 37 வயது தட்யானா மரியா, பந்தின் அடியைச் சீவி அடிக்கும் ஸ்லைஸ் ஆட்டத்தையே ஆயுதமாகக் கொண்டு ரிபாகினா, மேடிசன் கீஸ், அனிசிமோவா ஆகியோரை வரிசையாக வீழ்த்திக் கோப்பையைத் தட்டிச் சென்றார். அந்தப் பந்துகள் எழும்பவே இல்லை. பலமாக அடித்துப் பழகியவர்கள் குனிந்து குனிந்தே களைத்துப்போனார்கள்.

உலகின் முதல் நிலை வீராங்கனை அரினா சபலெங்காவே என் பட்டியலில் முதலில் நிற்கிறார். இங்கே 2021-இலும் 2023-இலும் அரையிறுதி வரை வந்தவர் அவர்; 2022-இல் பெலாரஸ் நாட்டவருக்கு அனுமதி இல்லை, சென்ற ஆண்டு தோள்பட்டைக் காயம். அவரது பலவீனம் கையில் அல்ல, மனத்தில் இருக்கிறது. பாரிஸில் பிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டத்தில் காற்று சுழன்றடித்தபோது தாமாகச் செய்த தவறுகள் மட்டும் 70 என்ற அளவுக்குப் போய், கோகோ காஃபிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். ஆனால் அடுத்த சில நாட்களில் பெர்லின் கால் இறுதியில், கடைசி செட்டை முடிவுசெய்யும் டை பிரேக்கரில், ரிபாகினாவுக்கு எதிராக 2–6 என்று பின்தங்கி, இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டமே போய்விடும் என்ற நான்கு மேட்ச் பாயின்ட்டுகளையும் காப்பாற்றி வென்றவரும் இவரே. மறுநாள் வோண்ட்ரூசோவாவிடம் நேர் செட்களில் தோற்றார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

காஃப் பிரெஞ்சு சாம்பியன், இரண்டாவது தரநிலை. ஆனால் விம்பிள்டனில் நான்காம் சுற்றைத் தாண்டியதே இல்லை. அவரது இரண்டாவது சர்வீஸும், ராக்கெட் பிடித்த கைப் பக்கத்து அடியான ஃபோர்ஹேண்டும் நெருக்கடியில் தடுமாறும்போது, புல்தரை அதற்கு மன்னிப்பு தருவதில்லை. முதல் சுற்றிலேயே, பந்தைத் தட்டையாக வேகமாக அடிக்கும் யாஸ்த்ரெம்ஸ்கா அவருக்கு வாய்த்திருக்கிறார். அந்த ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

ரிபாகினா 2022-இல் இங்கே வென்றவர். சர்வீஸை மட்டும் வைத்துப் பார்த்தால் அவரையே முதலில் சொல்லியிருப்பேன். நடப்பு சாம்பியன் கிரெய்சிகோவா தொடைக் காயத்தால் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் போட்டியிலிருந்து பாதியில் விலகியதால், அவரைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை.

மீதமிருப்பவர் இகா ஸ்வியாடெக். பிரெஞ்சு ஓபனை நான்கு முறை வென்ற இந்தப் போலந்து வீராங்கனை ஓராண்டாக எந்தப் பட்டமும் வெல்லாததால் எட்டாவது தரநிலைக்கு இறங்கியிருக்கிறார். புல்தரை அவருக்கு ஒத்துவராது என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். ராக்கெட்டை அவர் பிடிக்கும் விதத்துக்கு ஃபோர்ஹேண்ட் அடிக்கக் கூடுதல் அவகாசம் தேவை, புல்லில் அது கிடைப்பதில்லை என்பது நியாயமான வாதமே. இருந்தாலும் 2018-இல் இதே மைதானத்தில் ஜூனியர் பட்டம் வென்றவர் அவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நேற்று ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் போட்டியில் அமெரிக்காவின் பெகுலாவிடம் தோற்றாலும், ஜூனியர் காலத்துக்குப் பிறகு புல்தரையில் அவர் எட்டிய முதல் இறுதி ஆட்டம் அது. ஆட்ட அட்டவணைப்படி அவரும் ரிபாகினாவும் நான்காம் சுற்றில் மோதக்கூடும்.

ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் சபலெங்காவைச் சொல்கிறேன், ஆனால் அரை மனத்தோடுதான். மூன்றாம் சுற்றில் அவருக்கு எதிரே வரக்கூடியவர், பெர்லினில் அவரை வீழ்த்திய அதே வோண்ட்ரூசோவா.